திரும்பப் பெறப்பட்ட வாக்குறுதி

பம்பு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில், கதவுக்கு வலப்புறச் சுவரில், ஒரு கரும்பலகை தொங்கியது. எட்டு ஆண்டுகளாக அதில் ஒரே வரிதான்: ‘நிலுவை 3’. வாரம் ஒரு முறை பலகையைத் துடைத்து, அதே வரியை அதே இடத்தில் மீண்டும் எழுதுவது தர ஆய்வாளரின் வேலை. வீண் வேலை என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். ஒரு மாதத்துக்குள் அப்படி நினைப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அந்த மூன்றும் மூன்று பம்புகள். தொழிற்சாலை தொடங்கிய பதினோராம் ஆண்டில், முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பம்புகளில் பழுதான ரப்பர் வளையம் ஒன்று பொருத்தப்பட்டுவிட்டது. யாரும் புகார் செய்யவில்லை. கசிவு வெளியே தெரிய இரண்டு ஆண்டுகள் ஆகும். நிர்வாக இயக்குநர் அதுவரை காத்திருக்கவில்லை. வாங்கிய ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி, பழுதை ஒப்புக்கொண்டு, பழைய பம்பை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்தார். முந்நூற்று ஒன்பது திரும்பி வந்தன. மீதி மூன்றை வாங்கியவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த மூன்றும் பலகையில் இருந்தன.

அந்த நிர்வாக இயக்குநருக்கு வயது நாற்பத்தாறு. தொழிற்சாலையில் அவர் மேடம், வீட்டில் இன்னும் பாப்பா, ஊருக்குப் பம்பம்மா. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, வெர்னியர் அளவி ஒன்று எப்போதும் இருக்கும்.

அவருடைய தாத்தா நகர்மன்றத் தலைவராக இரண்டு தவணை இருந்தார். அப்பா ஐந்து தவணை. அப்பாவை வீட்டிலும் ‘தலைவர்’ என்றே குறிப்பிடுவார்கள். முழங்கால் மறுத்துவிட்டதால் அவர் விலகிக்கொண்டபின், ஒரு தவணைக்கு வேறொருவர் வந்து போனார். அவர் முகம் ஊருக்கு நினைவில்லை. குடும்பத்தில் அண்ணன்தான் வாரிசு என்று முடிவாகியிருந்தது. அண்ணன் வெளிநாட்டில் சமையலறை அலமாரி விற்கிறார். எப்போது ஊர் திரும்புவாய் என்று கேட்டால், “பாக்கலாம்” என்பார். அப்பாவிடமிருந்து முழுச் சொத்தையும் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஏனென்றால் ‘பாக்கலாம்’ என்பது தலைவரின் சொல். வீட்டு முன்னறையில், தாத்தா காலத்து மேசை மேல் மூன்று மரத் தட்டுகள் இருந்தன. ஆகும் மனுக்களுக்கு ஒன்று, ஆகாதவற்றுக்கு ஒன்று, பார்க்கலாம் என்பவற்றுக்கு ஒன்று. பதினாறு வயதில், பள்ளி விடுமுறையில், மனுக்களைப் பிரித்து வைக்கும் வேலை பாப்பாவுக்குக் கிடைத்தது. நாற்பது நாளில் அறுநூற்று எண்பது மனுக்கள் வந்தன. முதல் தட்டில் பதினொன்று, இரண்டாவதில் ஒன்றுமில்லை, மீதி எல்லாம் மூன்றாவதில் குவிந்து, சரிந்து, கடைசியில் ஒரு சாக்குப் பைக்குப் போயின. யாருக்கும் இல்லை என்று சொல்லாததால் தலைவரை எல்லாருக்கும் பிடித்திருந்தது. பாப்பாவுக்கு மட்டும் அந்தச் சாக்குப் பை தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த நாற்காலியில் ஒரு தவணையாவது உட்கார வேண்டும், மூன்றாவது தட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகளாக அவருடைய ஆசை அவ்வளவுதான். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லை.

எனவே, தேர்தல் அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் காலை உணவின்போது, “நான் நிக்கறேன்” என்றார்.

தலைவர் தட்டிலிருந்து நிமிராமல், “பாக்கலாம்” என்றார்.

“வேட்புமனு நேத்தே குடுத்துட்டேன்பா.”

தலைவர் ஒரு கணம் மென்றதை நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார்.

தேர்தல் வேலைகளுக்கு மாமா வந்தார். பம்பம்மாவின் அம்மாவுடைய தம்பி. தலைவரின் ஐந்து வெற்றிகளையும் நடத்தியவர். ஐந்துக்கும் தாமே காரணம் என்று நம்புபவர். ஊர் இரண்டே பகுதி என்பது அவர் கணக்கு. கீழ்த் தெருக்களில் தண்ணீருக்குக் குறைவில்லை. மேட்டுக் குடியிருப்பில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அங்கே குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. “மேட்டைப் பிடிச்சா நாற்காலியைப் பிடிச்ச மாதிரி” என்றார் மாமா. “தண்ணி தர்றோம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

ஒரு வார்த்தையோடு பம்பம்மா நிறுத்தவில்லை. நகர்மன்ற ஆவணத்தின் நகலை வாங்கினார். அடிவாரத் தொட்டியிலிருந்து மேட்டுக்குப் போகும் குழாய் ஆறு அங்குலம்; நீளம் தொள்ளாயிரம் மீட்டர்; ஏற்றம் முப்பத்தெட்டு மீட்டர். இரண்டு மாலைகள் கணக்குப் போட்டார். பழைய பம்பை மாற்றினால் போதும், எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஏறும். அந்தப் பம்பைத் தம் தொழிற்சாலை நகர்மன்றத்துக்கு விற்காது, வேறொருவரிடம்தான் வாங்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதிவைத்தார். வேறொருவரின் பம்பைப் பரிந்துரைப்பதுதான் அந்தத் தேர்தலில் அவர் செய்த பெரிய தியாகம்.

துண்டறிக்கை அச்சாகி வந்தது. ‘மேட்டுக் குடியிருப்பின் 412 வீடுகளுக்கும் நாள்தோறும் காலை ஆறு முதல் எட்டு வரை குழாய்த் தண்ணீர், பதவியேற்ற தொண்ணூறாம் நாளுக்குள்.’ வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் வரிசை எண். ஒவ்வொன்றிலும் மையால் போட்ட கையெழுத்து.

மாமா அதைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “நாள் எதுக்கு பாப்பா? நம்பர் எதுக்கு? இது என்ன, மிக்சிக்குக் குடுக்கற கேரண்டி கார்டா?”

“நாள் போடாம என்ன உத்தரவாதம் மாமா?”

“நாள் போடாததுதான் உத்தரவாதம். நாள் போட்டா அது வம்பு.”

நானூற்றுப் பன்னிரண்டும் நான்கு நாளில் வீடு சேர்ந்தன. மேட்டுக் குடியிருப்பில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். மாமா வெற்றி விழாவுக்கு மேடை எங்கே போடலாம் என்று இடம் பார்க்கத் தொடங்கினார்.

வாக்குப்பதிவுக்குப் பதினாறு நாள் இருந்தபோது மேட்டுச் சாலையில் குழாய் உடைந்தது. அந்த வழியாக வந்த பம்பம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பள்ளத்துக்குள் நகர்மன்றக் குழாய்ப் பணியாளர் ஒருவர் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். உடைந்த பகுதியை வெட்டிக் கரையில் போட்டிருந்தார். பம்பம்மா கைப்பையைத் திறந்து வெர்னியரை எடுத்தார். குழாய்த் துண்டின் முனையில் வைத்தார்.

“என்ன மேடம், குழாய்க்குக் காய்ச்சலா?” என்றார் பணியாளர்.

வெளிவிட்டம் நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர். ஆறு அங்குலக் குழாயாக இருந்திருந்தால் அந்தச் சிறிய அளவியின் வாய்க்குள் அடங்கியே இருக்காது.

“இது எத்தனை அங்குலம்?”

“நாலு.”

“ஆறுன்னு ஆவணத்துல இருக்கு.”

“இருக்கலாம் மேடம். நான் இருபது வருஷமா இதைத்தான் ஒட்டிட்டிருக்கேன். கீழ இருந்து மேல வரைக்கும் நாலுதான்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேக்கலையே.”

பம்பம்மா இன்னும் இரண்டு இடங்களில் மண்ணை விலக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் நாலு. அதே ஏற்றத்துக்கு, அதே அழுத்தத்தில், நாலு அங்குலக் குழாய் ஆறு அங்குலக் குழாயில் போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொண்டுபோகும். இதற்குத் தாளும் பேனாவும் அவருக்குத் தேவைப்படவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளை மூன்றாகப் பிரித்தால், ஒரு வீட்டுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கிடைக்கும். நாள்தோறும் என்று அவர் கையெழுத்துப் போட்டது பழுதான சரக்கு.

குழாய்த் துண்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். முன்னறையில் தலைவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாமா எதிரில் வாக்காளர் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பம்பம்மா துண்டை மூன்று தட்டுகளுக்கும் முன்னால் வைத்துச் செய்தித்தாளைப் பிரித்தார்.

“அப்பா, இது எத்தனை அங்குலம்?”

தலைவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “நாலு.”

“ஆவணத்துல ஆறு.”

“ஆவணத்துல ஆறுதான்.”

மாமா பேனாவை மூடினார்.

“ஆறுதான் கேட்டோம்” என்றார் தலைவர். “நாலு வந்துச்சு. திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சு, அழைப்பிதழ் அடிச்சு, பந்தலும் போட்டாச்சு. அதுல யாரும் காசு அடிக்கல பாப்பா. அவசரம். அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன்.”

“எப்ப மாத்தறதா இருந்தீங்க?”

“பாக்கலாம்னு இருந்தேன்.”

“இருபத்திரண்டு வருஷமாவா?”

“தண்ணிக்குத் தெரியுமா அது நாலு அங்குலம்னு? அதுபாட்டுக்குப் போயிட்டுதான இருக்கு.”

“போகல. அதான் பிரச்சனை.” அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். தொழிற்சாலையின் திரும்பப் பெறும் படிவம். “மேட்டுல குடுத்த 412 அறிக்கையையும் திருப்பி வாங்கப் போறேன்.”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றார். “வாக்குறுதியை யாராவது திருப்பி வாங்குவாங்களா?”

“பழுதுன்னா வாங்கித்தான ஆகணும்.”

“அது பம்பு இல்ல தாயே, பேச்சு! பேச்சுக்கு ஏது பழுது? ஜெயிச்சு உக்காரு. தொண்ணூறாம் நாள் குழாய் நாலுதான்னு அப்பக் கண்டுபிடி. ஐயோ அதிர்ச்சின்னு சொல்லு. நானே கூட நின்னு அதிர்ச்சி அடையறேன்.”

“எனக்கு இன்னிக்கே தெரியும் மாமா.”

“தெரிஞ்சது நம்ம மூணு பேருக்குத்தான!”

“குழாய் ஒட்டறவருக்கும் தெரியும்.”

தலைவர் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துப் படித்தார். ஐந்து கட்டங்கள்: பொருள், வரிசை எண், பழுது, காரணம், பொறுப்பு. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. அந்த விதியை எழுதியவர் அவருடைய மகளே.

“கடைசிக் கட்டத்துல என்ன எழுதப் போற?”

“உண்மையைத்தான்பா.”

தலைவர் எழுந்தார். தம் அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார். கோபம் சாதாரணமாக இருந்தால் அவர் கதவை அடித்துச் சாத்துவார். மெதுவாகச் சாத்தியதை அந்த வீடு அதற்கு முன் இரண்டு முறைதான் கேட்டிருந்தது.

பம்பம்மாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. தோற்றுவிடுவோம் என்பது அவருக்குத் தெரியும். மேட்டுக் குடியிருப்பு கையை விட்டுப் போனால் நாற்காலி போயிற்று. முப்பது ஆண்டு ஆசை போயிற்று. அதோடு அப்பாவின் பெயரும் போகும். மறுபக்கம், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் எங்கே என்று கேட்பவரிடம் சொல்ல ஒரே சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லை ஒழிக்கத்தான் அவர் அங்கே போக நினைத்தார்.

மறுநாள் காலை படிவம் முன்னறை மேசை மேல், முதல் தட்டில் இருந்தது. கடைசிக் கட்டம் நிரப்பப்பட்டிருந்தது. ஐந்து தவணைகள் கோப்புகளில் ஓடிய அதே பச்சை மை: ‘அப்போதைய நகர்மன்றத் தலைவர். அவசரத்தால்.’ கீழே கையெழுத்தும் நாளும்.

தலைவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பேசினார். “நம்ம வீட்டைப் பத்தி ஒருத்தர் எழுதணும்னா, நானே எழுதிக்கறேன். உனக்குக் கையெழுத்துச் சரியில்ல.”

மாமா வந்து படிவத்தைப் பார்த்தார். “அத்தானுமா!” என்று சோபாவில் உட்கார்ந்தவர் மதியம்வரை எழவில்லை.

திரும்பப் பெறும் பணி எட்டு நாள் நடந்தது. பம்பம்மாவும் தர ஆய்வாளரும் நாளொன்றுக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு வீடு என்று ஏறி இறங்கினார்கள். தர ஆய்வாளர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். தொழிற்சாலையின் முதல் நாளிலிருந்து இருப்பவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். ஒவ்வொரு வீட்டிலும் பழைய அறிக்கையை வாங்கிக்கொண்டு, படிவத்தின் நகலையும் மாற்று அறிக்கையையும் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். மாற்று அறிக்கையில் மூன்று நாளுக்கு ஒரு முறை, காலை ஆறு முதல் எட்டு வரை என்று இருந்தது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்ற அட்டவணை பின்பக்கம் இருந்தது.

முதல் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் முழுவதையும் கேட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். “இங்க வாங்களேன். குடுத்ததைத் திருப்பிக் கேக்கறாங்க.”

கணவர் வந்தார். “ஓட்டுச் சீட்டையா?”

“இல்லைங்க, தண்ணியை.”

“தண்ணி எப்பக் குடுத்தாங்க?”

இருபத்திரண்டாம் வீட்டில் அறிக்கை அலமாரித் தட்டுக்கு விரிப்பாகியிருந்தது. டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி எடுத்துக் கொடுத்தார்கள். தர ஆய்வாளர் டப்பாக்களை இருந்த வரிசையிலேயே திரும்ப அடுக்கினார். ஐம்பதாம் வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ரசீது கேட்டார். எட்டு நாளில் ரசீது கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஆனால் ரசீதுப் புத்தகம் முன்பே தயாராக இருந்தது. தபால்காரர் அதைக் கண்டு எழுந்து நின்று கை குலுக்கினார். படிவத்தைப் பலர் படிக்கவில்லை. படித்தவர்கள் கடைசிக் கட்டத்தில் நின்று, மறுபடி மேலிருந்து படித்தார்கள்.

“உங்க அப்பாவா இது?” என்றார் ஒரு முதியவர்.

“ஆமாங்க.”

“அவரே எழுதினாரா?”

“அவரே.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

தொண்ணூற்றேழாம் வீட்டு முற்றத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. பம்பம்மா வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கையில் தர ஆய்வாளர் தொட்டியை நோக்கி நடந்தார், குந்தினார், கைக்குட்டையால் எதையோ துடைத்தார். தொட்டி நின்றுகொண்டிருந்தது ஒரு பம்பின் மேல்.

“மேடம்” என்றார். “நூற்று அறுபத்தெட்டு.”

பம்பம்மா வாக்குறுதியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். இருவரும் பித்தளைத் தகட்டின் முன் குந்தி, மாறி மாறி எண்ணைப் படித்தார்கள். எட்டு ஆண்டுகளாகத் தேடிய மூன்றில் ஒன்று.

“அது கசியுதுன்னு தூக்கிப் போட்டது” என்றார் வீட்டுக்காரர், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல். “தொட்டி வைக்க வாகா இருந்துச்சு.”

“உங்களுக்குப் புதுசு ஒண்ணு வரணும்” என்றார் பம்பம்மா.

வேண்டாவெறுப்பாகக் கூட வந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்த மாமா கத்தினார். “பாப்பா! ஓட்டுப் போடறவர் வீட்டுக்குப் பம்பு இறக்கினா நம்மள உள்ள தூக்கி வெச்சுருவாங்க!”

அது உண்மை. புதிய பம்பு வாக்குப்பதிவுக்கு மறுநாள் வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் அந்தச் சீட்டை வாக்குறுதியைவிடப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார். அன்று மாலை கரும்பலகையில் ‘நிலுவை 2’ என்று எழுதிய தர ஆய்வாளர், சுண்ணக்கட்டியை உடனே கீழே வைக்காமல் சற்று நேரம் நின்றார்.

நூற்று எண்பத்தெட்டாம் வீட்டில் தையல்காரம்மா இருந்தார். பழைய அறிக்கை தையல் இயந்திரத்துக்கு மேல் சுவரில் நான்கு மூலையும் ஒட்டப்பட்டிருந்தது.

“குடுக்க மாட்டேன்” என்றார் அவர், இயந்திரத்தை நிறுத்தாமல்.

“அதுல இருக்கறது நடக்காதுங்க.”

“நடக்காதுன்னு எனக்கும் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு?”

“உங்க கையெழுத்து இருக்குல்ல? இருக்கட்டும். புதுசையும் குடுத்துட்டுப் போங்க.”

தர ஆய்வாளர் பதிவேட்டில் ‘மறுப்பு’ என்று எழுதினார். மறுத்தவர்கள் பெருகினார்கள். தையல்காரம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. எட்டாம் நாள் முடிவில் திரும்பியவை முந்நூற்று எழுபத்தொன்று, நிலுவை நாற்பத்தொன்று.

எதிர் வேட்பாளர் பெட்ரோல் பங்க் உரிமையாளர். இரண்டு நாள் அவர் இதைப் பொறி என்று நினைத்து வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மேட்டுக் குடியிருப்பில் ஒலிபெருக்கி கட்டினார். “அவங்க ரெண்டு மணி நேரம்னு சொல்லிட்டுத் திருப்பி வாங்கிட்டாங்க. நான் மூணு மணி நேரம் தர்றேன். திருப்பிக் கேக்கவே மாட்டேன்!” கைதட்டல் கீழ்த் தெருக்கள்வரை கேட்டது.

“முடிஞ்சுது” என்றார் மாமா. வெற்றி மேடைக்குப் பேசிவைத்த ஆளிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வாக்கு எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. முதலில் மேட்டுக் குடியிருப்பின் பெட்டிகள். பங்க்காரருக்கு அறுநூற்றுத் தொண்ணூறு. பம்பம்மாவுக்கு முந்நூற்றுப் பதினெட்டு. மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பார்க்க இனி ஒன்றுமில்லை என்று பொருள். பம்பம்மா எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முந்நூற்று எழுபத்திரண்டு பின்னடைவு. பதினாறு வயதில் பார்த்த சாக்குப் பை நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினார்.

பிறகு கீழ்த் தெருக்களின் பெட்டிகள் திறந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் அவர் முன்னால் இருந்தார். மாமா கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டினார். கீழ்த் தெருக்களில் மொத்த முன்னிலை நானூற்று முப்பத்தைந்து. பம்பம்மா அறுபத்துமூன்று வாக்குகளில் வென்றார்.

காரணத்தை வெளியே தேநீர்க் கடையில் கீழ்த் தெருக்காரர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். “மேட்டுக்காரங்களுக்கு தினமும் ரெண்டு மணி நேரம்னு மொதல்ல சொன்னப்ப வயித்துல புளியைக் கரைச்சுது. அவங்களுக்கு ஏத்தினா நமக்கு என்ன மிச்சம்? அப்புறம் மூணு நாளைக்கு ஒருக்காதான்னு வீடு வீடா எழுதியே குடுத்துட்டாங்க. பங்க்காரர் மூணு மணி நேரம்ங்கறாரு. அவரை விட்டா நம்ம குழாயில காத்துதான் வரும்.”

நேர்மையைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பம்பம்மா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இறுதிவரை கேட்டார். கீழ்த் தெருக்களின் தண்ணீர் வேறு தொட்டியிலிருந்து வருவது, மேட்டுக்கு எவ்வளவு ஏற்றினாலும் குறையாது என்று சொல்ல வாயெடுத்தார். மாமா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

“நான் அப்பவே சொன்னேன் பாரு” என்றார் மாமா.

“என்ன சொன்னீங்க?”

“திருப்பி வாங்குன்னு.”

பதவியேற்ற முதல் வேலை நாளில், நகர்மன்றத் தலைவருக்கான அறையில் மூன்று தட்டுகளுக்குப் பதில் இரண்டு இருந்தன. மூன்றாவதைப் பம்பம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதில் இப்போது அப்பா மாத்திரை வைக்கிறார். சுவரில் ஒரு புதிய கரும்பலகை: ‘நிலுவை 41’. பழைய தலைவர், மகளின் முதல் நாளைப் பார்க்கவென்று வந்து, மூலையில் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அந்த அறையில் இருந்தும் அந்த நாற்காலி இவ்வளவு கடினம் என்று தமக்குத் தெரியாது என்றார்.

முதல் மனுதாரர் தையல்காரம்மா. அவர் பின்னால் வாசல்வரை ஆட்கள். மேசை மேல் நாற்பத்தொரு பழைய அறிக்கைகளை ஒரு கட்டாக வைத்தார். அவருடையதில் நான்கு மூலையிலும் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“மத்தவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றார். “அவங்களுக்கு மூணு நாளைக்கு ஒருக்கா. சரி. நாங்க குடுக்கலை. அப்ப எங்களுக்கு இது செல்லும்தான?”

பம்பம்மா கட்டை எடுத்தார். தொழிற்சாலை விதி அதையேதான் சொன்னது: திரும்பி வராத பம்பின் உத்தரவாதம் செல்லும். நாற்பத்தொரு வீட்டுக்கு நாலு அங்குலக் குழாயில் நாள்தோறும் தண்ணீர் ஏற்றவும் முடியும். மீதி முந்நூற்று எழுபத்தொரு வீட்டின் பங்கிலிருந்து எடுத்து. முதல் தட்டைப் பார்த்தார். இரண்டாவது தட்டைப் பார்த்தார். வாசலில் நாற்பது பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மூலையிலிருந்து தலைவர் மெல்ல முன்னால் சாய்ந்தார். அந்த இடத்துக்கான சொல் அவர் நாக்கு நுனியில் இருந்தது. மகள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலைவர் இருமிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

“இந்தக் குழாயில ஆகாது” என்றார் பம்பம்மா. “உங்களுக்குக் குடுத்தா, திருப்பிக் குடுத்தவங்க பங்கு போயிடும். ஆறு அங்குலக் குழாய் போட்டா ஆகும். எல்லாருக்குமே ஆகும்.”

“எப்பப் போடுவீங்க?”

அவர் குறிப்பேட்டைத் திறந்து கணக்குப் போட்டார். தொள்ளாயிரம் மீட்டர். ஆறு அங்குலம், வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாக அளந்து பார்க்கும் நாட்களையும் சேர்த்து. ஒரு புதிய படிவத்தை எடுத்து நிரப்பினார். மேலே வரிசை எண் ஒன்று. அடுத்த ஆண்டில் ஒரு நாளைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தையல்காரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “இதையும் திருப்பி வாங்க வருவீங்களா?”

“பழுது தெரிஞ்சா வருவேன்.”

“வந்தா முன்கூட்டியே சொல்லிட்டு வாங்க. ஒட்டினதைப் பிய்க்கச் சுவர் பேந்து போச்சு.” மறுபடி படித்தார். “இது என்ன கிழமை?”

பம்பம்மா நாட்காட்டியைப் புரட்டினார். “வியாழன்.”

“வியாழக்கிழமை நான் துணி எடுக்கப் போயிடுவேனே. வெள்ளின்னு போடுங்க.”

பம்பம்மா படிவத்தைத் திரும்ப வாங்கினார். நாளை ஒரே கோட்டால் அடித்தார், மேலே மறுநாளை எழுதினார், திருத்தத்துக்குப் பக்கத்தில் விதிப்படி ஒரு சிறு கையெழுத்துப் போட்டார். அதன் நகலை முதல் தட்டில் வைத்துவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னார்.